தலைக்கு மேலே ஒரு சின்னக் கமா

வலப்பனையில் என்னிடம் படித்த மாணவி ஒருவர் சில வருடங்களுக்கு முன் தன் உம்மாவையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அஸர் தொழுகை முடிந்த நேரம். கையில் ஒரு பைல், அதற்குள் மூன்று பத்திரங்கள். கொடுத்த தேநீர் ஆறும்வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு உம்மாதான் வாய் திறந்தார்.

"மௌலவி, எனக்கு ஒரே மகள்தான். கடதாசியில மூணு பேராகிட்டா."

பத்திரங்களை வாங்கிப் பார்த்தேன். அவருடைய உண்மைப் பெயரை இங்கே எழுதுவது முறையல்ல. 'ஸஃதிய்யா' என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரின் நடுவில் அரபு எழுத்தான 'ஐன்' இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த ஐனைக் காட்டுவதற்காக அவருடைய வாப்பா ஒரு விண்ணப்பத்தில் எழுத்துக்களுக்கு மேலே சின்னதாக ஒரு கமாவைப் போட்டிருந்தார். முதல் பத்திரத்தில் அது அப்படியே வந்திருந்தது. இரண்டாவதில் அந்தக் குறி இல்லை, எழுத்துக்கள் சேர்ந்திருந்தன. மூன்றாவதில் குறி இருந்த இடத்தில் ஓர் இடைவெளி விழுந்து, ஒரு பெயர் இரண்டு பெயராகியிருந்தது. வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில், "இந்த மூவரில் நீங்கள் யார்?" என்று கேட்டுவிட்டார்கள். சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடிப்பதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துவிட்டது.

ஒரு பெண்பிள்ளை படித்து, பரீட்சை எழுதி, வீட்டாரைச் சம்மதிக்க வைத்து ஒரு வேலைக்கு விண்ணப்பிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்த மலைப்பக்கத்துத் தாய்மார் அறிவார்கள். அதை இந்தச் சின்னக் குறி தடுத்துவிட்டதே என்ற கவலையில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நான் அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவன். நஹ்வும் ஸர்ஃபும் அங்கே படித்தேன். ஆங்கிலத்தை முறையாகப் படித்தது முப்பது வயதுக்குப் பிறகுதான், அதுவும் தரம் ஆறு பிள்ளையின் பாடப்புத்தகத்தை இரவல் வாங்கித்தான். ஆகவே பண்டிதனாக அன்றி, பிந்திப் படித்த மாணவனாகவே சொல்கிறேன். வீட்டில் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பியைப் பார்க்கும் உம்மாமாருக்கு இது உதவினால் போதும்.

ஒரு குறி, மூன்று வேலை

இந்தக் குறியை ஆங்கிலத்தில் அப்போஸ்ட்ரபி என்பார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் 'மேல் கமா' என்கிறார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன். சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. குறி பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியைப் பார்த்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. நம் கண்ணுக்கு முன்னே அது மூன்று வேலை செய்கிறது. விழுந்துபோன எழுத்தின் இடத்தைக் காட்டுவது ஒன்று. இன்னாருடையது என்று சொல்வது மற்றொன்று. அரபுப் பெயர்களில் ஐன், ஹம்ஸா ஆகிய எழுத்துக்களுக்குப் பதிலாக நிற்பது மூன்றாவது. இம்மூன்றையும் பிரித்து அறியாததால்தான் குழப்பம் வருகிறது.

விழுந்த எழுத்தின் அடையாளம்

பேசும்போது நாம் சொற்களைச் சுருக்குகிறோம். 'வந்துவிட்டார்' என்பது வீட்டில் 'வந்திட்டார்' ஆகிறது. ஆங்கிலேயரும் அப்படியே. 'டூ நொட்' என்பதை 'டோன்ட்' என்றும், 'ஐ ஆம்' என்பதை 'ஐம்' என்றும், 'இட் இஸ்' என்பதை 'இட்ஸ்' என்றும் சொல்கிறார்கள். அதை எழுதும்போது, எழுத்து எங்கே விழுந்ததோ அங்கே மேல் கமாவை வைக்கிறார்கள்.

இங்கே பிள்ளைகள் செய்யும் முதல் பிழை, இரண்டு சொல்லும் சேரும் இடத்தில் குறியைப் போடுவது. 'டோன்ட்' என்பதில் விழுந்தது 'நொட்' என்ற சொல்லின் நடுவிலுள்ள 'ஓ' என்ற எழுத்து. ஆகவே குறி 'என்' எழுத்துக்கும் 'டி' எழுத்துக்கும் நடுவில்தான் வரவேண்டும். 'என்' எழுத்துக்கு முன்னால் போட்டால் பிழை. "எந்த எழுத்து விழுந்தது?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். விழுந்த எழுத்தைக் காட்டத் தெரிந்த பிள்ளை குறியைத் தவறான இடத்தில் போடாது. 'வில் நொட்' மட்டும் 'வோன்ட்' ஆகிறது. அது 'வொல்' என்ற பழைய வடிவத்திலிருந்து வந்ததால் அதை மனனம் செய்யத்தான் வேண்டும்.

குறியை விட்டுவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். 'ஹீ வில்' என்பதைச் சுருக்கி எழுதும்போது மேல் கமாவை விட்டுப்பாருங்கள். மிஞ்சும் நான்கு எழுத்தும் 'ஹெல்', அதாவது நரகம். வாப்பா பெருநாளைக்கு வருவார் என்று எழுத வந்த பிள்ளை, நரகம் வரும் என்று எழுதிவிடும்! இதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நாளிலிருந்து எங்கள் பிள்ளைகள் அந்தச் சொல்லில் பிழை விட்டதில்லை. 'ஷீ வில்' என்பதன் சுருக்கத்தில் குறியை விட்டால் சிப்பி என்று பொருள்படும் 'ஷெல்' வருகிறது. 'ஐ வில்' என்பதன் சுருக்கத்தில் விட்டால் நோயுற்ற நிலையைக் குறிக்கும் 'இல்' வருகிறது.

அரபு ஓதிய சகோதரிகளுக்கு இது புதிதாக இராது. 'பிஸ்மில்லாஹ்' என்று எழுதும்போது 'இஸ்ம்' என்ற சொல்லின் அலிஃப் எழுத்தில் விடப்படுகிறது. ஆனால் இக்ரஃ ஸூராவின் முதல் ஆயத்தில் அதே சொல் அலிஃபுடன் எழுதப்பட்டிருக்கிறது. அதிகம் புழங்கும் சொல் சுருங்கும் என்பது இதற்கு அறிஞர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. அம்ம ஜுஸ்உவின் முதற்சொல்லான 'அம்ம' என்பதும் 'அன்', 'மா' என்ற இரு சொற்கள் சேர்ந்து, கடைசி அலிஃப் விழுந்து உண்டானதே. அரபியில் விழுந்த இடத்துக்கு அடையாளக் குறி இல்லை. ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் சொல்லித் தருவார். ஆங்கிலத்தில் அந்த உஸ்தாதின் வேலையை மேல் கமா செய்கிறது.

யாருடைய மலை?

இரண்டாவது வேலை உடைமையைக் காட்டுவது. தமிழில் 'உடைய' என்கிறோம். ஆங்கிலத்தில் பெயருக்குப் பின் மேல் கமாவும் 'எஸ்' எழுத்தும் வருகின்றன. இதுவும் ஒரு வகையில் விழுந்த எழுத்தின் கதைதான். பழைய ஆங்கிலத்தில் உடைமைக்கு 'ஈ', 'எஸ்' என்று இரண்டு எழுத்துக் கொண்ட விகுதி இருந்தது. அதில் 'ஈ' மறைந்த இடத்தில் குறி வந்து அமர்ந்தது.

இதற்கு உதாரணம் தேடி நாம் லண்டனுக்குப் போகவேண்டியதில்லை. நமது மலைநாடு முழுவதும் மேல் கமா கொட்டிக் கிடக்கிறது. ஹோட்டன் சமவெளியில் 'வேர்ல்ட்'ஸ் என்ட்', அதாவது உலகின் முடிவு. அதே சமவெளியில் 'பேக்கர்'ஸ் ஃபோல்ஸ்'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுவரெலியாவில் குடியிருந்த சேர் சாமுவேல் பேக்கரின் பெயரால் வழங்கும் அருவி அது. தலவாக்கலைக்கு அருகே 'சென் கிளேயர்'ஸ்' நீர்வீழ்ச்சி. ஹப்புத்தளைப் பக்கம், தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் அமர்ந்து தோட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லப்படும் 'லிப்டன்'ஸ் சீட்'.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2,243 மீற்றர் உயரத்தில் நிற்கும் 'ஆடம்'ஸ் பீக்'. சிங்கள மக்கள் ஸ்ரீ பாத என்றும், இந்து சகோதரர்கள் சிவனொளிபாதமலை என்றும் அழைக்கும் அதனை நம்மவர் பாவா ஆதம் மலை என்கிறோம். மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344ஆம் ஆண்டு புத்தளத்திலிருந்து புறப்பட்டு வந்து அதில் ஏறினார். ஆங்கிலத்தில் அதை எழுதும்போது 'எஸ்' எழுத்துக்கு முன் மேல் கமா இருந்தால் ஆதமுடைய சிகரம். குறியை விட்டுவிட்டால் 'ஆடம்ஸ்' என்ற குடும்பப் பெயர் கொண்ட யாரோ ஒரு துரையின் மலையாகிவிடும்! ஹட்டன் பக்கத்துக்குப் போகும்போது வழியிலுள்ள பலகைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி, எது சரி எது பிழை என்று கேளுங்கள். செலவில்லாத ஆங்கிலப் பாடம்.

ஒருவரா, பலரா?

இனி, குறி 'எஸ்' எழுத்துக்கு முன்னாலா, பின்னாலா என்ற கேள்வி. இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. உடையவர் யார் என்பதை முதலில் முழுமையாக எழுதுங்கள். அந்தச் சொல் முடிந்த இடத்தில் குறியைப் போடுங்கள். அதன்பின் 'எஸ்' சேருங்கள். உடையவர் பன்மையாக இருந்து ஏற்கெனவே 'எஸ்' எழுத்தில் முடிந்திருந்தால் இன்னொரு 'எஸ்' வேண்டாம், குறி மட்டும் போதும்.

ஒரு சிறுமியின் புத்தகம் என்றால் 'கேர்ள்' என்று எழுதி, குறி போட்டு, 'எஸ்'. பல சிறுமியரின் பாடசாலை என்றால் 'கேர்ள்ஸ்' என்று எழுதி முடித்து, அதன்பின் குறி. கொழும்பில் 1900ஆம் ஆண்டு தொடங்கிய 'லேடீஸ்' கொலிஜ்' தன் பெயரில் 'எஸ்' எழுத்துக்குப் பின்னால் குறியிட்டு எழுதுகிறது. நமது முஸ்லிம் லேடீஸ் கல்லூரியின் பெயர் பெரும்பாலும் குறியின்றியே எழுதப்படுகிறது. ஒரு நிறுவனம் தன் பெயரை எப்படி எழுதுகிறதோ அப்படியே நாமும் எழுதுவதுதான் மரியாதை. 'மென்', 'விமென்', 'சில்ட்ரன்' ஆகிய சொற்கள் பன்மையாக இருந்தாலும் 'எஸ்' எழுத்தில் முடியவில்லை. ஆகவே அவற்றில் குறி முன்னாலும் 'எஸ்' பின்னாலும் வரும். வை.எம்.எம்.ஏ. என்ற பெயரை விரித்தால் வரும் 'யங் மென்'ஸ்' என்பது இதற்கு உதாரணம்.

இது வெறும் இலக்கணம் என்று நினைக்கவேண்டாம். தோட்டத்தில் ஒரு தொழிலாளியின் சம்பளம் நிறுத்தப்பட்டால் அது ஒரு லயத்து வீட்டின் கவலை. எல்லாத் தொழிலாளருடைய சம்பளமும் நிறுத்தப்பட்டால் அது தோட்டம் முழுவதின் கவலை. ஆங்கிலத்தில் எழுதும் முறைப்பாட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வேற்றுமை, குறி 'எஸ்' எழுத்துக்கு முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்பது மட்டுமே.

அவுஸ்திரேலியாவில் இதனால் ஒரு வழக்கே நடந்தது. வீடு விற்பனை முகவர் ஒருவர், தனது முன்னாள் முதலாளி ஊழியரின் ஓய்வுகால நிதியைக் கட்டுவதில்லை என்று முகநூலில் எழுதினார். 'எம்ப்ளோயீஸ்' என்ற சொல்லில் மேல் கமாவைப் போடவில்லை. முதலாளி மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். தான் ஒரு ஊழியரைப் பற்றியே, அதாவது தன்னைப் பற்றியே எழுதியதாக முகவர் வாதாடினார். குறி இல்லாதபடியால் பல ஊழியருக்கும் கட்டவில்லை என்று வாசகர் விளங்கிக்கொள்ள இடமுண்டு என்று நியூ சவுத் வேல்ஸ் நீதிமன்றம் 2021இல் கூறி, வழக்கைத் தொடர அனுமதித்தது. ஒரு துளி மையை மிச்சம் பிடித்ததற்கு வழக்கறிஞர் கூலி!

குறி வேண்டாத இடங்கள்

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் 'இட்ஸ்'. 'இட் இஸ்' என்பதன் சுருக்கமானால் குறி வேண்டும். 'அதனுடைய' என்ற பொருளானால் குறி கூடாது. உடைமைக்குத்தானே குறி என்று பிள்ளை கேட்கும். நியாயமான கேள்விதான். 'ஹிஸ்', 'ஹேர்ஸ்', 'அவர்ஸ்', 'தெயர்ஸ்' இவை எல்லாம் உடைமையைத் தமக்குள்ளேயே வைத்திருக்கும் சொற்கள். அவற்றுக்குக் குறி இல்லை. 'இட்ஸ்' அந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொடுங்கள். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'இட் இஸ்' என்று விரித்து வாசிக்கச் சொல்லுங்கள். வசனம் சரியாக ஓடினால் குறி போடலாம். தடுக்கினால் போடக்கூடாது. 'யூ ஆர்' என்பதன் சுருக்கத்தையும் 'உன்னுடைய' என்ற 'யுவர்' என்பதையும் பிரிக்க இதே சோதனை போதும்.

அடுத்தது பன்மை. ஒரு முட்டை 'எக்', பல முட்டை 'எக்ஸ்'. இங்கே யாருக்கும் எதுவும் உடைமை இல்லை, எழுத்தும் விழவில்லை. ஆனாலும் கடைப் பலகைகளில் 'எஸ்' எழுத்தைக் கண்டாலே அதற்கு முன் ஒரு மேல் கமாவைத் தூவிவிடுகிறார்கள். இதை நம்மூர்க் குறை என்று வெட்கப்படவேண்டாம். இங்கிலாந்திலேயே இந்தப் பிழைக்கு 'மரக்கறிக் கடைக்காரரின் அப்போஸ்ட்ரபி' என்று பட்டப்பெயர் உண்டு!

கைபேசியில் எழுதும் பிள்ளைகள், அதுவே திருத்திக்கொள்ளும் என்று இருந்துவிடுகிறார்கள். கைபேசி சில சமயம் சரியாக எழுதியதையும் பிழையாக மாற்றிவிடும். பரீட்சை மண்டபத்தில் பேனைதான் துணை.

பெரிய இடத்துக்கு எழுதும்போது

பிரதேச செயலாளருக்குத் தமிழில் கடிதம் எழுதும்போது நாம் 'வந்திட்டாங்க' என்று எழுதுவதில்லை. 'வந்துவிட்டார்கள்' என்றுதான் எழுதுகிறோம். ஆங்கிலத்திலும் அதே மரியாதை உண்டு. வேலை விண்ணப்பம், முறைப்பாடு, அதிபருக்கு எழுதும் கடிதம் ஆகியவற்றில் சுருக்கங்களைத் தவிர்த்து 'டூ நொட்', 'ஐ ஆம்' என்று முழுமையாக எழுதுவதே நல்லது. தோழிக்கு எழுதும் கடிதத்திலும், கதையில் வரும் உரையாடலிலும் சுருக்கம் அழகு. இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. குறி எங்கே வரும் என்று தெரியாத பிள்ளை முழுச்சொல்லை எழுதிவிட்டால் பிழைக்கே இடமில்லை.

குறியே இல்லாமல் வாழமுடியாதா?

முடியும் என்று சொன்னவர்களும் உண்டு. நாடகாசிரியர் பெர்னாட் ஷோ, பொருள் குழம்பாத சுருக்கச் சொற்களில் இக்குறியை விட்டுவிட்டே எழுதினார். அமெரிக்காவில் 1890இல் அமைக்கப்பட்ட இடப்பெயர்ச் சபை, ஊர், மலை, ஆறுகளின் பெயரில் உடைமைக் குறியைப் பொதுவாக ஏற்பதில்லை. விதிவிலக்காக அனுமதித்தது ஐந்தே ஐந்து பெயர்களை. மறுபக்கம் இங்கிலாந்தில் ஜோன் ரிச்சட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் 2001இல் இக்குறியைப் பாதுகாக்கவென்றே ஒரு சங்கம் தொடங்கினார். 2019இல் தள்ளாத வயதில் அதை மூடுவதாக அறிவித்தார். பின்னர் வேறொருவர் அதை எடுத்து நடத்த முன்வந்தார். கேம்பிரிட்ஜ் நகரசபை புதிய வீதிப் பெயர்களில் குறியைக் கைவிட முடிவெடுத்து, மக்கள் ஆட்சேபித்ததும் 2014இல் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது.

பெரியவர்கள் சண்டை பிடிக்கட்டும். நம் பிள்ளைக்குப் புள்ளி போடும் பரீட்சகர் இந்தக் குறியைத் தேடுகிறார். அது போதுமான காரணம்.

பெயரில் வரும் குறி

இப்போது மூன்றாவது வேலைக்கு வருகிறேன். அந்த மாணவியின் கண்ணீருக்குக் காரணமானது இதுதான்.

'குர்ஆன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வரும் மேல் கமா எந்த எழுத்தும் விழுந்ததைக் காட்டவில்லை. உடைமையையும் காட்டவில்லை. அது ஹம்ஸா என்ற எழுத்துக்காக நிற்கிறது. 'கஃபா' என்பதில் அது ஐனுக்காக நிற்கிறது. ஆராய்ச்சி நூல்களில் ஹம்ஸாவுக்கு ஒரு பக்கமும் ஐனுக்கு மறுபக்கமும் வளைந்த குறிகளை இடுவார்கள். தமிழில் நமக்கு ஆய்த எழுத்தும் உயிரெழுத்துக்களும் உதவுகின்றன. 'ஸஃது', 'மஸ்ஊத்', 'ஜும்ஆ' என்று எழுதி ஒப்பேற்றிவிடுகிறோம். மார்க்க நூல்களில் இந்தக் குறிகள் அவசியமானவை. அவற்றை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் பத்திரம் வேறு, நூல் வேறு. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகள் இருக்கின்றன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி அவ்வரிகளில் மேல் கமாவுக்கு இடமில்லை. குறியை நீக்கி, இருபக்கத்து எழுத்துக்களையும் சேர்த்தே எழுதவேண்டும். கணினிப் படிவங்கள் பலவும் இக்குறியை ஏற்பதில்லை. சில அதை இடைவெளியாக்கிவிடுகின்றன. ஆகவே வாப்பா நல்லெண்ணத்தோடு போட்ட ஒரு குறி, அலுவலகத்துக்கு அலுவலகம் உருமாறி, பிள்ளையின் பெயரையே பிளந்துவிடுகிறது.

சகோதரிகளே, உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பிள்ளைக்கு அழகான பெயரை வையுங்கள். அரபியிலும் தமிழிலும் அதன் ஐனையும் ஹம்ஸாவையும் பேணுங்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை முதன்முதலாகப் பத்திரத்தில் எழுதும் அன்றே, குறியோ இடைவெளியோ இல்லாத ஒரே எழுத்துக்கூட்டலைத் தீர்மானித்து, ஒரு கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவையுங்கள். பாடசாலை அனுமதி, அடையாள அட்டை, சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம், கடவுச்சீட்டு எதுவானாலும் அந்தக் கொப்பியைப் பார்த்தே நிரப்புங்கள். விண்ணப்பத்தை மற்றவர் நிரப்பிக்கொடுத்தால் கையொப்பமிட முன் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். ஏற்கெனவே வேறுபாடு இருந்தால் வேலைக்கு விண்ணப்பிக்கும் நாள் வரை காத்திராமல் இப்போதே திருத்தத்துக்கு எழுதிப்போடுங்கள்.

மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே பத்து நிமிடம் ஒதுக்கி, பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியில் உள்ள ஒவ்வொரு மேல் கமாவையும் விரலால் தொட்டுக் கேளுங்கள். "இங்கே எழுத்து விழுந்ததா? யாருக்காவது உடைமையா?" இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அந்தக் குறி அங்கே வேண்டாம். இதைக் கேட்க உம்மாவுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்த மாணவி சத்தியக்கடதாசியோடு அடுத்த வருடம் மீண்டும் விண்ணப்பித்தார். அந்த இடம் கிடைக்கவில்லை. இப்போது ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறார். புதிய பிள்ளைகளைச் சேர்க்கும் நாளில் பெயர் எழுதும் வேலையை அவர் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. பிறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு, "உம்மா, பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்பாராம். அவருடைய உம்மா சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.